பொது உள்கட்டமைப்புச் சேவைகளில் தகவல் தொழில்நுட்ப முதலீடு: திட்டமிடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மண்ணுக்கடியில் ஒழுங்காகப் பதிக்கப்பட்ட குடிநீர்க் குழாய் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். அதில் ஓடும் நீரை அளக்கும் சென்சார் பத்து ஆண்டுகள் தாங்கினாலே நல்லது. சென்சார் அனுப்பும் தகவலை வாங்கித் திரையில் காட்டும் மென்பொருளுக்கு, அதை விற்ற நிறுவனம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரையே பொறுப்பேற்கிறது. மூன்றும் ஒரே சேவையின் உறுப்புகள்தான். ஆயுள் மட்டும் மூன்றுக்கும் வேறு.

பொதுச் சேவை அமைப்புகளின் தகவல் தொழில்நுட்பச் செலவில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை மறப்பதால் வருகிறது. பாலம் கட்டும் முறையிலேயே மென்பொருளையும் திட்டமிடுகிறார்கள்: நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, வேலையை முடித்து, திறந்துவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மென்பொருளுக்கோ திறப்பு நாளில்தான் நீண்ட செலவு தொடங்குகிறது.

குடிநீர், கழிவுநீர், மின் விநியோகம், பொதுப் போக்குவரத்து, சாலை, கழிவு மேலாண்மை ஆகிய சேவைகளை நடத்தும் அமைப்புகளில் திட்ட அறிக்கை எழுதுபவர்கள், பொறியாளர்கள், நிதி அலுவலர்கள், ஒப்புதல் தரும் மன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். படிகள் வரிசையாக இருந்தாலும், நான்காம் படியில் கிடைக்கும் எண் பல சமயம் உங்களை முதல் படிக்கே திருப்பி அனுப்பும். அப்படி அனுப்பினால் போய்விட்டு வாருங்கள். தாளில் திருத்துவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

படி 1: பிரச்சினையைச் சேவையின் மொழியில் எழுதுங்கள்

"ஸ்மார்ட் மீட்டர் பொருத்த வேண்டும்" என்று தொடங்கும் கோப்பை அங்கேயே நிறுத்துங்கள். தீர்வு எழுதப்பட்டிருக்கிறது, பிரச்சினை எழுதப்படவில்லை.

குடிநீர் சேவையையே எடுத்துக்கொள்வோம். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் ஒரு பகுதிக்குப் பணம் வருவதில்லை. இதை வருவாய் ஈட்டாத நீர் என்பார்கள். சர்வதேச நீர் சங்கம் வகுத்த நீர்க் கணக்கு அட்டவணை இதை மூன்றாகப் பிரிக்கிறது: தீயணைப்பு, குழாய் கழுவுதல் போன்று அனுமதிக்கப்பட்டும் கட்டணம் விதிக்கப்படாத பயன்பாடு, மீட்டர் பிழை, திருட்டு, கணக்குத் தவறு போன்றவற்றால் வரும் தோற்ற இழப்பு, குழாய், தொட்டி, இணைப்புகளில் கசிந்து போகும் உண்மையான இழப்பு. இந்த மூன்றில் எது பெரியது என்று தெரியாமல் வீட்டுக்கு வீடு புதிய மீட்டர் பொருத்தினால், கசிவு மண்ணுக்கடியில் அப்படியே தொடரும்.

எது பெரியது என்று அறிய பெரும் முதலீடு தேவையில்லை. விநியோகப் பகுதியைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஓட்டமானி வைத்து, அதிகாலை 2 முதல் 4 மணி வரை உள்ளே போகும் நீரை அளந்தால் போதும். அந்த நேரத்தில் பயன்பாடு மிகக் குறைவு. அதற்கு மேல் ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவுதான். நீர் இடைவிடாமல் வழங்கப்படும் இடங்களில்தான் இந்த அளவீடு சரியாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சில ஓட்டமானிகளும் ஒரு கணக்குத் தாளும் சொல்லும் விடை, பெரிய மென்பொருள் திட்டத்தின் திசையையே மாற்றக்கூடும்.

இந்தப் படியின் முடிவில் கையில் ஒரே ஒரு பக்கம் இருக்க வேண்டும். யாருக்கு என்ன குறை, இன்று அதன் அளவு என்ன, எப்படி அளந்தோம், ஒன்றும் செய்யாவிட்டால் ஐந்து ஆண்டுகளில் என்ன ஆகும், கணினியே இல்லாமல் இதைத் தீர்க்க வழி உண்டா என்ற ஐந்து கேள்விகளுக்கும் அதில் விடை வேண்டும். கடைசிக் கேள்வியை உண்மையாகவே கேளுங்கள். புகார்களுக்குப் பதில் தாமதமாவதற்குக் காரணம் களப்பணியாளர் பற்றாக்குறை என்றால், புகார்ச் செயலி வந்த பிறகு தாமதம் இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

படி 2: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

தலைமை அலுவலகக் கணினிகளின் பட்டியல் பெரும்பாலும் எங்கும் இருக்கும். பம்ப் நிலையத்தின் மூலையில் பத்தாண்டுகளாக அணைக்கப்படாமல் ஓடும் பெட்டியைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அந்தப் பெட்டி நின்றால்தான் தண்ணீர் நிற்கும். ஆகவே கணக்கெடுப்பைக் களத்துக்கு நேரில் போய்ச் செய்யுங்கள். கட்டுப்பாட்டு அறை, துணை மின்நிலையம், சிக்னல் பெட்டி, எடை மேடை, பணிமனை ஒன்றையும் விடாதீர்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் மென்பொருளுக்கும் எதிரே சில விவரங்கள் வேண்டும்: எந்தச் சேவைக்கு உதவுகிறது, நின்றுபோனால் எத்தனை மணி நேரம் சமாளிக்கலாம், பராமரிப்பவர் யார், தயாரிப்பாளரின் ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, வெளியிலிருந்து யார் உள்ளே நுழைய முடியும். ஆதரவு முடியும் தேதியைத்தான் பலர் நிரப்பாமல் விடுகிறார்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தன. இவை பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட தேதிகள். முன்கூட்டியே தெரிந்த செலவு "அவசரச் செலவு" என்ற தலைப்பில் மன்றத்துக்கு வந்தால், அங்கே கணக்கெடுப்பு நடக்கவில்லை என்று பொருள்.

2017 மே மாதம் பரவிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் (கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் பல மருத்துவமனைகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. எந்தெந்தக் கணினிக்குத் திருத்தம் போடப்படவில்லை என்பதைக் கணக்கெடுப்பு மட்டுமே காட்டும்.

ஒரு பொறியாளர் தன் கையால் உருவாக்கிய எக்செல் கோப்பில் முழு நகரின் வால்வு விவரமும் இருக்கலாம். அதையும் ஓர் அமைப்பாகவே பதிவு செய்யுங்கள். அவர் ஓய்வுபெறும் நாளும் ஒரு காலாவதித் தேதிதான்.

படி 3: பதினைந்து ஆண்டுக் காலண்டர் போடுங்கள்

ஒரு நீளமான தாளில் பதினைந்து ஆண்டுகளைக் கிடையாக எழுதுங்கள். அதன் கீழே குழாய், பம்ப், கட்டுப்பாட்டுக் கருவி, சென்சார், தொடர்பு வலையமைப்பு, சர்வர், மென்பொருள் என ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் மாற்றப்பட வேண்டும் என்று குறியுங்கள். சேவையின் கட்டுமான உறுப்புகள் ஒருமுறைகூட மாறாமல் இருக்க, மென்பொருள் இரண்டு முறை மாறுவதைத் தாளே காட்டும். சில ஆண்டுகளில் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். அந்த ஆண்டுகளை இப்போதே பிரித்து வையுங்கள்.

தொடர்பு வலையமைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அதன் ஆயுள் உங்கள் கையில் இல்லை. 2022-இல் அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த எச்சரிக்கை மணிகளும் மீட்டர்களும் வாகனக் கருவிகளும் பயனற்றுப் போகாமலிருக்க மாற்றப்பட வேண்டியிருந்தது. கருவிகளில் கோளாறு ஏதும் இல்லை. பேசுவதற்கு வழிதான் இல்லாமல் போனது. தொடர்புப் பகுதியைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய கருவியைக் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் அது சரியான செலவு.

படி 4: முழு ஆயுள் செலவைக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

விற்பனையாளர் தரும் விலைப்பட்டியலில் உரிமக் கட்டணமும் கருவி விலையும் நிறுவும் கூலியும் இருக்கும். அவற்றுக்கு வெளியே இருப்பவை இவை: பழைய தரவைச் சுத்தம் செய்து புதிய அமைப்புக்கு மாற்றுவது, கணக்கு, பராமரிப்பு, வரைபடம் ஆகிய மற்ற அமைப்புகளோடு இணைப்பது, பழையதையும் புதியதையும் சில மாதங்கள் ஒருசேர ஓட்டுவது, பயிற்சியும், பயிற்சிக்குப் போனவர்களின் வேலையைப் பார்க்க மாற்று ஆட்களும், ஆண்டுப் பராமரிப்பு, சிம் அட்டை, தொடர்புக் கட்டணம், பாதுகாப்புச் சோதனை, பதிப்பு மாற்றம், கடைசியில் அமைப்பை மூடி, தரவைக் காப்பகத்தில் சேர்ப்பது. இவற்றில் தரவைச் சுத்தம் செய்வது எப்போதும் குறைவாக மதிப்பிடப்படுகிறது. இரட்டைப் பதிவுகள், பெயர் தவறுகள், இல்லாத முகவரிகள் எல்லாவற்றையும் நாள்தோறும் சேவையைக் கையாளும் உங்கள் ஊழியர்களால்தான் சரிசெய்ய முடியும். அதை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்துவிட முடியாது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40,000 மீட்டர்கள், பேட்டரி ஆயுள் பத்து ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஆண்டுக்கு 4,000 மீட்டர்களை மாற்ற வேண்டும். 250 வேலை நாட்கள் என்றால் நாளொன்றுக்கு 16. இதற்கு ஒரு நிரந்தரக் குழு வேண்டும். ஆனால் நிதி உள்ளபோதே செலவழித்துவிட வேண்டுமென்று அத்தனை மீட்டர்களையும் இரண்டே ஆண்டுகளில் பொருத்தியிருந்தால், அவற்றின் பேட்டரிகளும் ஏறத்தாழ அதே இரண்டு ஆண்டுகளில்தான் தீரும். அப்போது நாளொன்றுக்கு 80 மாற்றங்கள். அந்தக் குழுவும் அந்தப் பணமும் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையிலேயே விடை வேண்டும். பொருத்துவதைப் பல ஆண்டுகளுக்குப் பரப்புவது மெதுவாகத் தோன்றும். பராமரிப்பின் கண்ணோட்டத்தில் அதுவே வேலையைச் சீராக்கும்.

அடுத்தது பணத்தின் தலைப்பு. பொது அமைப்புகளுக்கு மானியமும் கடனும் பெரும்பாலும் மூலதனச் செலவுக்குத்தான் கிடைக்கின்றன. கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) வாடகை, உரிமப் புதுப்பிப்பு, தொடர்புக் கட்டணம், ஊழியர் சம்பளம் எல்லாம் நடப்புச் செலவு. அந்தப் பை எப்போதும் இறுக்கமானது. இதனால், பொருத்தமான தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, கிடைக்கும் நிதித் தலைப்புக்குள் அடங்குவதைத் தேர்ந்தெடுக்கும் நிலை வருகிறது. பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் சர்வர் அறை கட்டப்படுவது இப்படித்தான். நிதி அலுவலரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் நடப்புச் செலவு எவ்வளவு கூடும், எந்த வருவாயிலிருந்து அதைக் கட்டுவோம் என்று அவர் கையெழுத்திடாத திட்டம் மன்றத்துக்குப் போகக் கூடாது.

பிறகு மதிப்பீட்டின் நம்பகத்தன்மை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரிச் செலவு மிகை 27 விழுக்காடு. கவலைப்பட வேண்டியது அந்தச் சராசரி அன்று. ஆறில் ஒரு திட்டம் சராசரியாக 200 விழுக்காடு மிகைச் செலவில் முடிந்தது. கட்டுமான வேலைகளுக்கு வழக்கமாகச் சேர்க்கும் பத்து விழுக்காட்டு எதிர்பாராச் செலவு இங்கே போதாது. பிரிட்டன் நிதியமைச்சகத்தின் மதிப்பீட்டு வழிகாட்டுதல், கருவி மற்றும் மென்பொருள் உருவாக்க வகைத் திட்டங்களின் மூலதனச் செலவில் நம்பிக்கை மிகுதியை, அதாவது செலவைக் குறைத்து மதிப்பிடும் போக்கை, சரிசெய்ய 10 முதல் 200 விழுக்காடு வரையிலான வரம்பைக் காட்டுகிறது. தொடக்கத்தில் மேல் வரம்புக்கு அருகே வைத்து, ஒவ்வோர் அபாயமும் குறையக் குறையக் கீழே இறக்குங்கள். அந்த இருப்புத் தொகையைத் திட்டக் குழுவிடம் கொடுக்காமல் அதற்கு மேலுள்ள குழு வைத்திருக்கட்டும். கையில் இருக்கும் பணம் செலவாகிவிடும்.

பதினைந்து ஆண்டுச் செலவையும் தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக் கணக்கிடும் விகிதம்) போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, மாற்று வழிகளின் செலவோடு ஒப்பிடுங்கள். இங்கே பல சமயம் இரண்டாவதாகத் தெரிந்த வழி முதலிடத்துக்கு வரும்.

படி 5: பலனுக்கு ஓர் உரிமையாளரை நியமியுங்கள்

பலன் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒருவரின் பதவி எழுதப்பட வேண்டும். அவர் சேவைப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கணினிப் பிரிவு பலனுக்குப் பொறுப்பேற்க முடியாது. "ஒவ்வொரு ஊழியருக்கும் தினமும் அரைமணி நேரம் மிச்சம்" என்பதைப் பணமாக மாற்றிக் கூட்டாதீர்கள். அந்த அரைமணியில் என்ன வேலை நடக்கும் என்று சொல்ல முடிந்தால் அதை எழுதுங்கள். இன்றைய நிலையைத் திட்டம் தொடங்கும் முன்பே அளந்துவிடுங்கள். பிறகு அளக்கப் போனால் ஒப்பிட எதுவும் இருக்காது.

படி 6: வரிசைப்படுத்துங்கள்

எல்லாப் பிரிவுகளும் கேட்பதைக் கூட்டினால் பட்ஜெட்டைப் போல் பல மடங்கு வரும். நான் பரிந்துரைப்பது நான்கு கூடைகள். சட்டமும் உயிர்ப் பாதுகாப்பும் கட்டாயமாக்குபவை, ஆதரவு முடிந்தவற்றை மாற்றுபவை முதல் கூடையில். மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பவை இரண்டாவதில். சேவையை மேம்படுத்துபவை மூன்றாவதில். சோதனை முயற்சிகள் நான்காவதில். அதற்குச் சிறு தொகை ஒதுக்கி, தோற்றாலும் பரவாயில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் கூடைதான் எங்கும் பட்டினி கிடக்கிறது. திறந்துவைக்க அதில் ஒன்றும் இல்லை. ஒரே பம்புக்குக் கணக்குப் பிரிவில் ஓர் எண், பராமரிப்புப் பிரிவில் வேறோர் எண், வரைபடத்தில் எண்ணே இல்லை என்ற நிலை மிகச் சாதாரணம். சொத்துகளுக்குப் பொது எண் கொடுத்து, அதை எல்லா அமைப்புகளிலும் ஒன்றாக்கும் வேலை முடியாமல், பழுதை முன்கூட்டிச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வாங்குவது வீண். எந்தப் பம்ப் பழுதாகும் என்று அது சொன்னாலும், அந்தப் பம்ப் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

பொதுவான தரவு வடிவத்தின் வலிமைக்கு நல்ல சான்று பொதுப் போக்குவரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பான டிரைமெட், 2005-இல் கூகுளுடன் சேர்ந்து பேருந்து, ரயில் நேர அட்டவணைகளை எளிய உரைக் கோப்புகளாக வெளியிடும் ஒரு வடிவத்தை உருவாக்கியது. ஜி.டி.எஃப்.எஸ். என்று அழைக்கப்படும் அது இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு போக்குவரத்து அமைப்பு தன் அட்டவணையை அந்த வடிவில் வெளியிட்டாலே, தனிச் செயலி எதுவும் கட்டாமல், மக்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் வரைபடங்களில் அதன் பேருந்துகள் தெரிகின்றன.

படி 7: நின்றுபோகும் நாளுக்குத் திட்டமிடுங்கள்

பாதுகாப்பைத் திட்டத்தின் கடைசி அத்தியாயமாக எழுதுகிறார்கள். அது முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும், ஏனெனில் பிறகு சேர்த்தால் செலவு பன்மடங்கு.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குள் நுழைந்தவர்கள் துணை மின்நிலையங்களை அணைத்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்பி வந்ததற்குக் காரணம், ஊழியர்கள் நேரில் போய் சுவிட்சுகளைக் கையால் இயக்கியதுதான். கையால் இயக்கும் வசதியையும் அதைத் தெரிந்த ஆட்களையும் "இனித் தேவையில்லை" என்று வெட்டியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மருச்சி ஷயர் பகுதியில், கட்டுப்பாட்டுக் கருவிகளை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் வானொலி வழியாகக் கழிவுநீர் அமைப்புக்குள் புகுந்தார். சுமார் எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் வெளியேறியது. ஒப்பந்ததாரர் விலகும் நாளில் எந்தெந்த அனுமதிகள் ரத்தாக வேண்டும் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?

2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய்த் தொடர் தாக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்டவை அலுவலகக் கணினிகள். ஆயினும் குழாயையே பல நாட்கள் நிறுத்த வேண்டியிருந்தது. தாக்கியவர்கள் நுழைந்தது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய தொலைநிலைக் கணக்கு வழியாக. அலுவலக வலையமைப்பையும், களக் கருவிகளை இயக்கும் வலையமைப்பையும் பிரிப்பது, தொலைநிலை நுழைவு ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைப்பது, இவையெல்லாம் முதலீட்டுத் திட்டத்தில் தனி வரிகளாக வர வேண்டும்.

தாக்குதல் இல்லாமலும் நின்றுபோகும். 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் ஐந்து கோடி மக்களை இருளில் ஆழ்த்திய மின்தடைக்கு வழிவகுத்த காரணங்களில் ஒன்று, ஒஹாயோவிலிருந்த ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் செயலிழந்தது. எச்சரிக்கை எதுவும் வராததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அங்கே பணியிலிருந்தவர்கள் நம்பினார்கள். கண்காணிப்பு அமைப்பு வாங்கும்போது, அந்தக் கண்காணிப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: எவ்வளவு நேரத்துக்குள் அமைப்பை மீட்க வேண்டும், எவ்வளவு நேரத் தரவு போனால் பொறுக்கலாம். இந்த எண்கள் சிறிதாகச் சிறிதாகச் செலவு ஏறும். கட்டண ரசீது அமைப்புக்கு ஒரு நாள் போதும். பம்ப் கட்டுப்பாட்டுக்குப் போதாது. எல்லாவற்றுக்கும் உச்சப் பாதுகாப்பு கேட்டால் எதற்கும் பணம் போதாது. காப்புப் பிரதியிலிருந்து அமைப்பை முழுமையாக எழுப்பிப் பார்க்கும் ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்கட்டும்.

படி 8: கொள்முதல்

வாங்கும் விலையில் குறைந்தவரைத் தேர்ந்தெடுத்தால், பராமரிப்பில் அவர் அதை மீட்டுக்கொள்வார். ஒப்பந்தப்புள்ளியிலேயே பத்து ஆண்டுச் செலவைக் கேட்டு, அந்த மொத்தத்தை மதிப்பிடுங்கள். திட்டத்தின் நடுவே மாற்றம் கேட்டால் என்ன கூலி, வெளியேறும்போது உதவிக்கு என்ன கூலி என்பவற்றையும் போட்டி இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு உங்களுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை.

தரவு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் முழுத் தரவையும் பொதுவான வடிவத்தில் வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்க முடியவில்லை என்றால், அந்தத் தரவு உங்களுடையது என்பது தாளில் மட்டும்தான்.

பெரிய வேலையை எவ்வளவு பிரிப்பது என்பதில் இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு. பிரிட்டன் சுகாதார சேவை 2002-இல் தொடங்கிய தேசிய கணினித் திட்டம் நாட்டைப் பிராந்தியங்களாகப் பிரித்து நான்கு பெரிய ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்தது. அவர்களில் இருவர் இடையிலேயே விலகினர். 2011-இல் திட்டத்தைக் கலைப்பதாக அரசு அறிவித்தது. மறுபக்கம், 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு இணையதளத்தில் பல பத்து ஒப்பந்ததாரர்கள் வேலை செய்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துச் சோதிக்கும் பொறுப்பு தெளிவாக யாரிடமும் இல்லை. முதல் நாளிலேயே தளம் திணறியது. என் தெரிவு, வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இணைக்கும் பொறுப்பை உங்கள் அமைப்பிலேயே திறமையுள்ள ஒரு சிறு குழுவிடம் வைப்பது. அந்தக் குழுவை அமைக்க முடியாதென்றால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள்.

பணம் கொடுப்பதைச் சேவை முடிவுகளோடு கட்டுங்கள். "மென்பொருள் நிறுவப்பட்டது" என்பதற்குக் குறைவாகவும், "ஒரு மாத ரசீதுகள் பழைய கணக்கோடு ஒத்துப்போயின" என்பதற்கு அதிகமாகவும் தவணை வையுங்கள்.

படி 9: கட்டம் கட்டமாக, நிறுத்தும் உரிமையோடு

முன்னோடித் திட்டத்துக்குப் பொதுவாக நல்ல சாலை, நல்ல சிக்னல், ஒத்துழைக்கும் அலுவலர் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே வெற்றி பெற்றால் எதுவும் தெரியாது. கடினமான பகுதி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா என்ற முடிவு எடுக்கப்பட வேண்டும். எந்த எண் வந்தால் நிறுத்துவோம் என்பதை முதல் தவணை போகும் முன்பே எழுதி மன்றத்தில் பதிவு செய்யுங்கள். இதுவரை செலவானது அந்த முடிவில் கணக்கில் வரக் கூடாது; இனி ஆகும் செலவும் இனி வரும் பலனும் மட்டுமே வர வேண்டும்.

கனடா மத்திய அரசு 2016-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் சம்பள அமைப்பில், முன்னோடிச் சோதனை கைவிடப்பட்டது, சில செயல்பாடுகள் நீக்கப்பட்டன, அனுபவமுள்ள சம்பள அலுவலர்கள் புதிய அமைப்பு நிலைபெறும் முன்பே குறைக்கப்பட்டனர். பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளம் தவறாகப் போனது. காலமும் பணமும் இறுகும்போது முதலில் வெட்டப்படுபவை சோதனையும் பயிற்சியும்தான். அவற்றுக்கான தொகையை வேறெதற்கும் மாற்ற முடியாதபடி பூட்டி வையுங்கள். பழைய ஆட்களைக் குறைத்து வரும் சேமிப்பை, புதிய அமைப்பு முழு ஓராண்டு ஓடிய பிறகே கணக்கில் எழுதுங்கள்.

டென்வர் சர்வதேச விமான நிலையம் 1995 பிப்ரவரியில் 16 மாதத் தாமதத்துடன் திறக்கப்பட்டது. ஓடுபாதைகளும் கட்டடங்களும் தானியங்கிப் பயணப்பெட்டி அமைப்புக்காகக் காத்துக் கிடந்தன. 2005-இல் அந்த அமைப்பே கைவிடப்பட்டது. ஒரு பெரிய கட்டுமானத்தின் திறப்பு புதிய மென்பொருள் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால், மாற்று வழியையும் அதே பட்ஜெட்டில் கட்டுங்கள்.

படி 10: பயன்படுத்துபவர்களையும் விடுபடுபவர்களையும் எண்ணுங்கள்

பொதுச் சேவைக்கு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. தொலைபேசி இல்லாதவர், பார்வை குறைந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், இணையம் எட்டாத இடத்தில் வாழ்பவர் அனைவருக்கும் தண்ணீரும் பேருந்தும் வேண்டும். நேரடிச் சாளரத்தையும் தொலைபேசி உதவியையும் தொடர்ந்து நடத்தும் செலவைத் திட்டத்தில் சேருங்கள். அவற்றை மூடுவதை ஒரு பலனாகக் காட்டாதீர்கள்.

கணினி சொல்வதே உண்மை என்று ஒரு பொது அமைப்பு நம்பிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சல் நிலையங்களின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் கசப்பான சான்று. அது காட்டிய பொய்யான பற்றாக்குறைகளின் அடிப்படையில், 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலைய நடத்துநர்கள் திருட்டு, மோசடி போன்ற குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். குடும்பங்கள் சிதைந்தன. 2024-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் பெரும்பாலான தீர்ப்புகளை ரத்து செய்ய முடிந்தது. தானியங்கி ரசீது, தானியங்கி அபராதம், தானியங்கித் துண்டிப்பு ஆகியவற்றைத் திட்டமிடுகிறீர்களென்றால், ஒரு குடிமகன் "இது தவறு" என்று சொல்லும்போது கேட்பவர் யார், அவருக்கு அமைப்பின் பதிவுகளைப் பார்த்துத் திருத்தும் அதிகாரம் உண்டா, விசாரணை முடியும்வரை இணைப்பு துண்டிக்கப்படாதா என்பவற்றை மென்பொருளின் தேவைப் பட்டியலிலேயே எழுதுங்கள். இதில் சமரசம் செய்யும் திட்டத்துக்கு நான் ஒருபோதும் ஒப்புதல் தரச் சொல்லமாட்டேன்.

படி 11: ஆண்டு மதிப்பாய்வும் பழையதை மூடுவதும்

ஆண்டுதோறும் பட்ஜெட் தயாரிப்புக்கு இரண்டு மாதங்கள் முன்பு, படி 2-இன் பதிவேட்டையும் படி 3-இன் காலண்டரையும் புதுப்பியுங்கள். படி 5-இல் பெயரெழுதிய உரிமையாளர்கள் வந்து, எதிர்பார்த்த பலனில் எவ்வளவு கிடைத்தது என்று எண்களோடு சொல்லட்டும். கிடைக்காததற்குக் காரணம் பயிற்சியா, மென்பொருளா, தவறான கணிப்பா என்று பிரித்தெழுதுங்கள். அடுத்த திட்டத்தின் மதிப்பீட்டுக்கு இதைவிட நல்ல தரவு வெளியே எங்கும் கிடைக்காது.

புதிய அமைப்பு வந்த பிறகும் பழையது "ஒருவேளை தேவைப்படலாம்" என்று ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் போகும். திருத்தம் போடப்படாத பழையது தாக்குபவர்களுக்குத் திறந்த வாசலாகவும் இருக்கும். எனவே புதியதற்கு ஒப்புதல் தரும் அதே தீர்மானத்தில் பழையதை அணைக்கும் தேதியை எழுதுங்கள். அணைக்கும் முன் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளைப் பொதுவான வடிவத்தில் காப்பகத்துக்கு மாற்றி, தேடிப் பார்த்து, கணக்குத் தணிக்கையாளரிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு ஒப்பந்ததாரரின் நுழைவு அனுமதிகளை ரத்து செய்து, சேமிப்பு வட்டுகளை அழித்ததற்கான சான்றைப் பெற்று, பராமரிப்பு ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் தேதிக்கு முன்பே நிறுத்த அறிவிப்பு அனுப்பிவிடுங்கள்.